அரைப் பேர் வாங்கிய தக்காளி

தெமோதரைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருதயம்மாவின் வீட்டைக் கண்டுபிடிக்க யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. எந்த வாசலில் தக்காளிச் செடிகள் வெள்ளை வலைத்துணி போட்டுக்கொண்டு நிற்கின்றனவோ அதுதான். அந்தத் துணி, மகள் கேஷானி சின்ன வயதில் கோயிலில் முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய நாளில் தலையில் போட்டிருந்த முக்காடு. கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் கேஷானி கிறிஸ்மஸ் லீவில் வந்தபோது அதைப் பார்த்துவிட்டாள். கையிலிருந்த பையைக் கீழே வைக்காமலே செடியருகே போனாள்.

“அம்மா, அது என் முக்காடு.”

“ஆமா. உனக்கு இனிமே தேவைப்படாது. இதுங்களுக்குத் தேவைப்படுது.”

வேறு செடியின் மகரந்தத்தை வண்டு கொண்டுவந்து சேர்த்துவிடக் கூடாது என்று பூங்கொத்துகளுக்குத் தைத்துப் போட்ட பைகள் அவை. அந்தக் கவலை இருதயம்மாவுக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் வெலிமடையிலிருந்து தொடங்க வேண்டும்.

இருதயம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது. பூனாகலையில் பிறந்து, கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்தவர். தேயிலை நர்சரியில்தான் அதிக காலம் வேலை. தாய்ச் செடியிலிருந்து ஓர் இலையும் ஒரு துண்டுத் தண்டுமாக வெட்டி, மண் நிரப்பிய பையில் ஊன்றி, வேர் பிடிக்க வைக்கிற வேலை. முழங்கால் ஒத்துக்கொள்ளாமல் நின்றுவிட்டார். கணவர் பிலிப்பு கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியை இடுப்பளவில் சமமாக வெட்டித் தட்டையாக்கும் கத்தியோடு முப்பது வருடத்துக்கு மேல் மலை ஏறி இறங்கியவர். அவருக்கு இரண்டு விஷயங்களைப் பார்க்கச் சகிக்காது. ஒன்று, மட்டம் தப்பி வளர்ந்த செடி. இன்னொன்று, வரிசையில் காலி இடம். மலையில் ஒரு செடி பட்டுப்போனால் உடனே புதுக் கன்று வைத்து அடைத்துவிட வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். பிலிப்பு அதைத் தோட்டத்துக்கு வெளியேயும் அமுல்படுத்துவார். கோயிலில் பூசை நேரத்தில் பெஞ்சில் இடைவெளி தெரிந்தால் பின்னாலிருந்து எழுந்து வந்து அதில் உட்கார்ந்துகொள்வார். இரண்டு பேர் சண்டை போட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தாலும் சரி.

மாதம் ஒரு முறை இருதயம்மா பஸ் பிடித்து வெலிமடையில் பஸீலின் விதைக் கடைக்குப் போவார். லீக்ஸ், பீன்ஸ் எனப்படும் போஞ்சி, கொத்தமல்லி. ஒரு முறை பஸீல், புதுச் சரக்கு, கொண்டுபோய்ப் பாருங்கள் என்று ஒரு சின்னப் பாக்கெட்டைச் சேர்த்துக் கொடுத்தார். அதிலிருந்து வந்ததுதான் குட்டித் தக்காளி. கோலிக்குண்டு அளவு. சிவப்பு. பல் பட்டதும் வெடிக்கும். முதலில் இனிப்பு வரும், அது போகிறதே என்று நினைக்கும்போது புளிப்பு வரும். இருதயம்மா மடியில் ஒரு பிடி கட்டிக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும் வரைக்கும் வாய் நமநமத்துக்கொண்டே இருக்கும். சம்பலுக்கும் போட்டார், ரசத்துக்கும் போட்டார். ஆனால் அவருக்குப் பிடித்தது சும்மா தின்பதுதான். வாழ்க்கையில் தனக்கென்று ஒரு பொருளை இவ்வளவு விரும்பியதில்லை என்று பக்கத்து வீட்டு ரெங்கம்மாவிடம் அவரே சொல்லியிருக்கிறார்.

“பிலிப்புண்ணனையுமா?” என்று ரெங்கம்மா கேட்டார்.

“அவரு வேற. அவரை எங்கப்பா பாத்துக் கொடுத்தாரு.”

பிறகு நாட்டில் டொலர் இல்லாமல் போனது. பெற்றோல் இல்லை, பால்மா இல்லை, விதைப் பாக்கெட்டும் இல்லை. இருதயம்மா கலங்கவில்லை. நர்சரிக்காரி அல்லவா? தக்காளியின் கிளையை ஒடித்து, தேயிலைக்குச் செய்வது போலவே மண் பையில் ஊன்றினார். வேர் பிடித்தது. அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று. ஒரு வருடத்துக்கும் மேல் அச்சு அசலாக அதே பழம். பஸீலைப் பார்த்து, உங்கள் பாக்கெட்டே எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த மழைக்காலத்தில் கருகல் நோய் வந்தது. எல்லாம் ஒரே செடியின் துண்டுகள். ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வந்தது. தண்டு கறுத்து, ஒரே வாரத்தில் வாசல் காலி. கடைசியாகப் பழுத்திருந்த ஒரு கைப்பிடிப் பழத்தை மட்டும் பறித்து, விதையைப் பிழிந்து, சாம்பலில் புரட்டி வைத்தார்.

மறுபடி வெலிமடைக்குப் போனார். இப்போது பஸீலின் கடையில் பாக்கெட்டுகள் இருந்தன. அந்தப் பாக்கெட் இல்லை.

“அந்த வகையைக் கம்பெனி நிப்பாட்டிட்டாங்களாம் அக்கா. இனி வராது.”

“பரவாயில்ல. நான் விதை எடுத்து வச்சிருக்கேன்.”

பஸீல் தயங்கினார். “போட்டுப் பாருங்க. பாத்துட்டு வந்து என்னைத் திட்டாதீங்க.”

போட்டார். வந்தது ஒரு சந்தை. ஒரு செடியில் எலுமிச்சை அளவு. ஒன்றில் பேரீச்சை போல நீளம். ஒன்று மஞ்சள். ஒன்று சிவப்புத்தான், ஆனால் தின்றால் தண்ணீர். ஒன்று காலையில் பழுத்து மத்தியானம் வெடித்தது. இருதயம்மா ஒவ்வொரு பழத்தையும் பையில் போட்டுக்கொண்டு வெலிமடைக்குப் போய் பஸீலின் மேசையில் பரப்பினார். திட்டினார்.

“அது ரெண்டு வகையைச் சேத்து உண்டாக்கின விதை அக்கா,” என்றார் பஸீல். “மொதப் புள்ளைங்க எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கும். பேரப்புள்ளைங்கதான் பிரச்சினை. ஒண்ணு தாத்தா மூக்கோட வரும், ஒண்ணு பாட்டி காதோட வரும்.”

“அப்ப என்னா செய்யிறது?”

“பிடிச்ச செடியாப் பாத்து, அதோட விதையை மட்டும் போடுங்க. வண்டு வேற தக்காளியோட மகரந்தத்தைக் கொண்டுவந்து கலந்துறாமப் பாத்துக்கங்க. அதுல வர்றதுல பிடிச்சதை மறுபடி. ஆறேழு தலைமுறை போனா ஒரே மாதிரி நின்னுரும்னு சொல்றாங்க. நான் செஞ்சு பாத்ததில்ல. எனக்குப் பாக்கெட் விக்கத்தான் தெரியும்.”

இந்தச் செய்தியோடு இருதயம்மா வீட்டுக்கு வந்த வாரத்தில்தான் மகன் ஜோன்சன் ஒரு பழைய த்ரீவீலர் வாங்கினான்.

லயத்துக்குப் போகும் பாதை சரிவு. லயத்து முன்னால் வண்டி நிறுத்தச் சமதரை என்று இருந்தது இரண்டே துண்டு. ஒன்று இருதயம்மாவின் தக்காளிப் பாத்தி. மற்றது பக்கத்தில் ரெங்கம்மாவுடையது. ஜோன்சன் வண்டியைக் கீழே பாலத்தடியில் நிறுத்திவிட்டு மேலே நடந்து வந்தான். இரண்டாம் நாளே குரங்குகள் சீட்டைக் கிழித்துப் பஞ்சை வெளியே எடுத்துவிட்டன.

“அம்மா, எனக்கு அந்தப் பாத்தி வேணும். கூரை போட்டு வண்டியை விட்டுக்கிறேன்.”

“தக்காளி?”

“தக்காளி நல்லா வந்திருந்தா நானே கேக்க மாட்டேன். ஒரு செடி மாதிரி ஒரு செடி இல்லையே. பஸ்ல ஆளேத்தின மாதிரில்ல இருக்கு.”

“நிக்கும். ஆறேழு தலைமுறை போகணும்.”

ஜோன்சன் அப்பாவைப் பார்த்தான். “ஏழு தலைமுறையா? நம்ம குடும்பம் இந்தத் தோட்டத்துக்கு வந்தே அஞ்சு தலைமுறைதான் ஆகுது.”

“தக்காளிக்குத் தலைமுறைன்னா நாலு மாசம்டா.”

பிலிப்பு தீர்ப்புச் சொன்னார். இரண்டு ஈஸ்டர் தவணை. இரண்டாவது ஈஸ்டர் அன்று பாத்தியில் ஒரு வரிசை, முதல் செடியிலிருந்து கடைசிச் செடி வரைக்கும் ஒரே மாதிரிக் காய்த்து நிற்க வேண்டும். நின்றால் பாத்தி அம்மாவுக்கு. ஒரு செடி மாறினாலும் த்ரீவீலருக்கு. அதுவரை ஜோன்சன் வண்டிக்குச் சாக்குப் போர்த்திக்கொள்ள வேண்டும். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

தீர்ப்புச் சொன்ன பிலிப்புதான் முதல் சேதத்தையும் செய்தார். மறு வாரம் இருதயம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில், செடிகள் கண்டபடி வளர்ந்து நிற்கின்றனவே என்று மனம் பொறுக்காமல், கவ்வாத்துக் கத்தியை எடுத்து எல்லாவற்றையும் இடுப்பளவில் ஒரே சீராக வெட்டித் தள்ளினார். தேயிலை மலை போல அழகாக இருந்தது. பூ, பிஞ்சு எல்லாம் தரையில். இருதயம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பாத்தியைச் சுற்றி ஒரு கயிறு கட்டினார்.

“இந்தக் கயித்துக்கு இங்கிட்டு நீங்க கால் வைக்கக் கூடாது.”

“துளிர்த்து வரும் இருதயம். தேயிலை வரலையா?”

“கத்தியை உள்ளே வச்சுட்டு வாங்க. சோறு போடணும்.”

செடிகளில் பாதி துளிர்த்தன என்பதையும் சொல்ல வேண்டும். பிலிப்பு அதை இன்றைக்கும் சொல்கிறார்.

பாத்தியில் இடம் போதாது. நிறையச் செடி வளர்த்தால்தானே நல்லதைப் பொறுக்க முடியும்? இருதயம்மா லயத்தில் வீட்டுக்கு வீடு நாற்றுக் கொடுத்தார். பெயின்ட் வாளியில், கிழிந்த உரப் பையில், உடைந்த தொட்டியில் என்று எல்லா வாசலிலும் குட்டித் தக்காளி ஏறியது. பழுத்ததும் ஞாயிற்றுக்கிழமை தோறும் இருதயம்மாவின் இஸ்தோப்பில், அதாவது வாசலை ஒட்டிய முன் தாழ்வாரத்தில், பழப் பெரட்டு நடந்தது. காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கிற பெரட்டு மாதிரியே. கொண்டு வந்தவர்கள் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். இருதயம்மா ஒவ்வொன்றாக வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, பேர் போடுவார்.

தோட்டத்தில் பேர் என்றால் அன்றைய நாளின் கணக்கு. சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். பேர் இல்லாமல் திரும்புவதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். இருதயம்மா வாழ்நாள் முழுக்க மற்றவர் போட்ட பேரை வாங்கியவர். இப்போது போடுகிற இடத்துக்கு வந்ததும் எந்தக் கங்காணியும் இவ்வளவு கறாராக இருந்ததில்லை என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

“இது தண்ணி. பேர் இல்ல.”

“அக்கா, நல்லாப் பாருங்க. ராத்திரி மழை பெஞ்சதுனால.”

“மழை எல்லாச் செடிக்கும்தான் பெஞ்சுது. அடுத்தது.”

ரெங்கம்மாவின் வாளியில் வந்தது மஞ்சள். அடியில் ஒரு சின்ன மூக்கு. ரெங்கம்மா நாற்பது வருடம் கொழுந்து எடுத்து ஓய்ந்தவர். தட்டில் வெற்றிலை விரித்து, அதன் மேல் பழத்தை அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். இருதயம்மா தின்றார். இன்னொன்றும் தின்றார். ரெங்கம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

“இனிப்பு நல்லாருக்குக்கா. ஆனா தோலு தடிப்பு. நிறமும் நம்ம நிறமில்ல. அரைப் பேர்.”

ரெங்கம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நாப்பது வருசத்துல எனக்கு அரைப் பேர் போட்ட கங்காணி கெடையாது,” என்றார் ரெங்கம்மா மெதுவாக. “பக்கத்து வீட்டுக்காரி போட்டுட்டா.”

“பழத்துக்குத்தானக்கா.”

“வளத்தது யாரு? பழமா தன்னால வளந்துச்சு?”

அன்று மாலையே ரெங்கம்மா தன் வாசலில் இருந்த மஞ்சள் தக்காளியை எல்லோரும் பார்க்கப் பிடுங்கி எறிந்து, போஞ்சி ஊன்றினார். இனி என் கண்ணில் தக்காளியே படக் கூடாது என்று குழாயடியில் அறிவித்தார். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் இரண்டு வீட்டுக்கும் இடையில் பேச்சு, சோப்பு கேட்பதற்கும் ஆடு வந்துவிட்டது என்று சொல்வதற்கும் மட்டும்தான்.

இருதயம்மா கடைசியில் ஒரு செடியைத் தேர்ந்தெடுத்தார். மூன்றாவது தலைமுறையில் வந்தது. சிவப்பு, கோலிக்குண்டு, முதலில் இனிப்பு, பிறகு புளிப்பு. அசலுக்கு ஒரு நூல் குறைவு என்று அவரே ஒப்புக்கொண்டார். அதில் அடுத்த கொத்து பழுக்கும் நேரத்தில் குரங்குகள் வந்து போயின. மிஞ்சியது மூன்றே பழம். அவற்றைப் பறித்து, நன்றாகக் கனியட்டும் என்று வீட்டுக்குள் அந்தோனியார் படத்தின் முன்னால் ஒரு தட்டில் வைத்தார். எலி வராத உயரம். அந்தோனியார் முன்னால் வைத்ததை அந்த வீட்டில் யாரும் தொடமாட்டார்கள்.

வெளியே இருந்து வருகிறவர்களைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. வீடு மந்திரிக்க ஃபாதர் வந்தார். தீர்த்தம் தெளித்து ஜெபம் சொல்லி முடித்தார். இருதயம்மா தேத்தண்ணீர் போடக் குசினிக்குள் போனார். திரும்பி வரும்போது தட்டில் ஒன்றுமில்லை. ஃபாதரின் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது.

“ஃபாதர், முழுங்கிறாதீங்க.”

ஃபாதர் அசையாமல் நின்றார். விஷம் ஏதோ என்று நினைத்திருக்க வேண்டும். இருதயம்மா தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்துவிட்டுச் சாஸரை அவர் தாடைக்குக் கீழே நீட்டினார்.

“ரெண்டு உள்ளே போயிருச்சா? சரி போகட்டும். இதை மட்டும் இதுல துப்பிருங்க. விதை வேணும்.”

பிலிப்பு கண்ணை மூடிக்கொண்டார். ஃபாதர் நல்ல மனிதர். சொன்னபடி செய்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, “இது என்ன வகை?” என்று கேட்டார். “இன்னும் வகையாகல ஃபாதர். அதுக்குத்தான் பாடுபடுறேன்,” என்றார் இருதயம்மா. ஃபாதர் கோயிலுக்குத் திரும்புவதற்கு முன்னாலேயே கதை லயம் முழுக்கப் பரவியது.

“தக்காளிக்கு ஞானஸ்நானம் ஆயிருச்சு,” என்றான் ஜோன்சன். “இனி அது பாவம் செய்யாது. எல்லாம் ஒரே மாதிரித்தான் வரும். நான் வண்டியை வித்துரலாம் போல.”

சொன்னபடியே நடந்தது. அந்தச் சாஸர் விதையிலிருந்து வந்தவை தலைமுறைக்குத் தலைமுறை ஒன்றையொன்று நெருங்கின. நாலாவதில் பாதி ஒரே மாதிரி. ஐந்தாவதில் இரண்டே செடி மாறின. கேஷானியின் முக்காடு வெட்டுப்பட்டது அப்போதுதான். ஆறாவதில் ஒரு செடி மட்டும் பிசகியது. இருதயம்மா அதைக் கண்ட அன்றே பிடுங்கினார். ஜோன்சனின் கிண்டல் குறைந்தது. அவன் சீட்டுக்கு மூன்றாவது முறை உறை தைத்திருந்தான்.

கடைசித் தவணைக்கான வரிசையைத் தையில் நட்டார். கயிறு பிடித்து, ஓர் அங்குலம் கூடக் கோணாமல், இந்த முனை வேலியிலிருந்து அந்த முனைத் தண்ணீர்ப் பீப்பாய் வரைக்கும். நட்ட பத்துப் பன்னிரண்டு நாளில் பூனாகலையில் பெரியப்பா மகன் இறந்துபோனார் என்று செய்தி வந்தது. போய், எட்டாம் நாள் சடங்கான எட்டுக் கும்பிட்டுத் திரும்பினார். வரிசை நிறைந்து நின்றது. பீப்பாய்ப் பக்கத்துக் கடைசிச் செடி மட்டும் கொஞ்சம் குட்டை. பீப்பாயின் நிழல்தான் காரணம் என்று நினைத்து, பீப்பாயைத் தள்ளி வைத்தார்.

தவக்காலம் முழுக்க வரிசை வளர்ந்தது. பூத்தது. காய்த்தது. ஒன்று பழுத்தது, பக்கத்தில் ஒன்று, பிறகு வரிசையாகச் சிவப்பு. ஞாயிறு பூசைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் நின்று பார்த்தார்கள். ரெங்கம்மா மட்டும் நிற்காமல் பார்த்துவிட்டுப் போனார். கடைசிச் செடி பின்தங்கித்தான் இருந்தது. மற்றவை சிவந்த பிறகும் அதில் பச்சைக் காய்.

ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனிக்கிழமை மத்தியானம் அந்தக் காய்களில் நிறம் வந்தது. மஞ்சள்.

இருதயம்மா குனிந்து பார்த்தார். அடியில் ஒரு சின்ன மூக்கும் இருந்தது. சிவக்கிறதுக்கு முன்னால் மஞ்சளாகத்தான் இருக்கும், நாளைக்குள் சிவந்துவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நம்பவில்லை. பிடுங்கிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. ஆனால் பாத்தி ஓரத்தில் ஜோன்சன் ஒரு மூங்கில் கழியை வைத்துக்கொண்டு த்ரீவீலர் கூரைக்கு அகலம் அளந்துகொண்டிருந்தான்.

“என்னாம்மா, குனிஞ்சுக்கிட்டே நிக்கிறீங்க?”

“புல்லு பிடுங்குறேன்.”

“பாத்துப் பிடுங்குங்க. புல்லோட செடியும் போயி எனக்கு எண்ணிக்கை மாறிறப்போகுது.”

ஈஸ்டர் பூசை முடிந்து வந்ததும், இந்து வீடு கிறிஸ்தவ வீடு என்றில்லாமல் லயமே பாத்தியைச் சுற்றி நின்றது. பிலிப்பு கயிற்றுக்கு வெளியே, நீதிபதிக்கு ஏற்றபடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். ஒவ்வொரு செடியாகத் தலையாட்டினார். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. கடைசிச் செடியில் நின்றார்.

“மஞ்சள்,” என்றான் ஜோன்சன். சத்தமாகச் சொல்லவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பும் பாதியில் நின்றது. “அம்மா, பேச்சுன்னா பேச்சுதானே?”

“பேச்சுதான். எடுத்துக்க.”

இருதயம்மா முந்தானையை மடியாகப் பிடித்துக்கொண்டு பழங்களைப் பறிக்கத் தொடங்கினார். முதல் செடியிலிருந்து. மனைவி இப்படிப் பேசாமல் பறிப்பதைப் பிலிப்பால் பார்க்க முடியவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும். அவருக்குத் தெரிந்த பாராட்டு ஒன்றுதான்.

“எது எப்படியோ இருதயம், இப்படி ஒரு வரிசையை நான் மலையில கூடப் பாத்ததில்ல. ஒரு இடம் காலி இல்ல. நீ பூனாகலைக்குப் போயிருந்தப்ப ஒண்ணு விழுந்துச்சு. அதையும் நான் அடைச்சிட்டேன்.”

இருதயம்மாவின் கை பழத்தில் நின்றது.

“எதை?”

“கடைசியில. புழு வெட்டிப் போட்டிருந்துச்சு. ஓட்டைப் பல்லு மாதிரி தெரிஞ்சுது. நான் கயித்துக்கு வெளியே நின்னுதான் வச்சேன். கால் உள்ளே வைக்கல.”

“என்னாத்தை வச்சீங்க?”

“தக்காளிதான். ரெங்கம்மா வீட்டு வாய்க்கா ஓரத்துல ரெண்டு மூணு முளைச்சுக் கெடந்துச்சு. அதுல ஒண்ணு.”

கூட்டத்தில் முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும். சிரிக்காத இரண்டு பேர் ஜோன்சனும் ரெங்கம்மாவும்.

“அப்பா, இது நல்லால்ல,” என்றான் ஜோன்சன். “அம்மா தோத்த பொறகு சொல்றீங்க. முன்னாடியே ஏன் சொல்லல?”

“யாரு கேட்டா?”

“ரெங்கம்மா பெரியம்மா தக்காளியைப் பிடுங்கி எறிஞ்சு வருசமாச்சு. ஊரே பாத்துச்சு. அங்க எங்கேருந்து நாத்து வரும்?”

எல்லோரும் ரெங்கம்மாவைப் பார்த்தார்கள். ரெங்கம்மா தன் போஞ்சிப் பந்தலைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு தன் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். திரும்பி வரும்போது மடி கனத்திருந்தது. கயிற்றின் மேல் குனிந்து ஒரு பிடியை எடுத்து, கடைசிச் செடியின் பழத்துக்குப் பக்கத்தில் காட்டினார். அதே மஞ்சள். அதே மூக்கு.

“குசினிக்குப் பின்னால வச்சிருக்கேன்,” என்றார். “வாசல்ல பிடுங்கினேன்னுதான் சொன்னேன். பின்னால பிடுங்கினேன்னு சொன்னேனா?”

ஜோன்சன் ஒன்றை வாங்கித் தின்றான். கடைசிச் செடியில் ஒன்றைப் பறித்துத் தின்றான். தலையைச் சொறிந்தான். இரண்டும் ஒன்றேதான்.

“நானும் அதோட விதையையேதான் திரும்பத் திரும்பப் போட்டேன்,” என்றார் ரெங்கம்மா இருதயம்மாவைப் பார்த்து. “எனக்கும் எல்லாம் ஒரே மாதிரித்தான் வருது. நான் யாருக்கும் சட்டை தச்சுப் போடல, ஃபாதரைத் துப்பச் சொல்லல. இப்ப இது என் தக்காளின்னு நான் சாட்சி சொன்னாத்தானே உன் பாத்தி உனக்கு?”

“ஆமாக்கா.”

“அப்ப அந்த அரைப் பேரை முழுப் பேராக்கு.”

நியாயமான கோரிக்கை என்று கூட்டம் நினைத்தது. ஒரு சொல். சொன்னால் பாத்தி, வரிசை, இத்தனை தலைமுறை எல்லாம் மிஞ்சும். இருதயம்மா கையை நீட்டி ஒரு மஞ்சள் பழத்தை வாங்கினார். வாயில் போட்டுக் கண்ணை மூடினார். மென்றார். மிக நேரம் மென்றார். பிலிப்பு உதட்டை அசைத்து, சொல்லிரு, சொல்லிரு என்று காட்டினார். மூடிய கண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

“தோலு இன்னும் தடிப்புதான்க்கா,” என்றார் இருதயம்மா.

ரெங்கம்மா மடியைச் சுருட்டிக்கொண்டு திரும்பினார்.

“நில்லுங்க. நான் முடிக்கல. போன தடவையை விட இனிப்பு ஏறியிருக்கு. பழத்துக்குப் பழம் வித்தியாசம் இல்ல. முக்காப் பேர்.”

“முக்காப் பேரா? எந்தத் தோட்டத்துல இருக்கு முக்காப் பேர்?”

“இந்தத் தோட்டத்துல இருக்கு,” என்று இருதயம்மா கயிற்றுக்கு உள்ளே தரையைக் காட்டினார்.

ரெங்கம்மா யோசித்தார். அரை என்றால் அவமானம். முழுது என்றால் இவள் பாத்திக்காகச் சொன்னாள் என்று நாளைக்குக் குழாயடியில் பேச்சு வரும். முக்காலை யாரும் சந்தேகப்பட முடியாது. இப்படி ஒரு கணக்கை லஞ்சமாகக் கொடுக்க யாருக்கும் தோன்றாது.

“சரி,” என்றார். “அந்தக் கடைசிச் செடி என்னுது. எல்லாரும் கேட்டுக்கங்க. பிலிப்புண்ணன் கேக்காம எடுத்தாரு.”

ஜோன்சன் மூங்கில் கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றான். அவன் தோற்றுவிட்டான் என்பது அவனுக்கே அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. “குரங்குக்குச் சீட்டு தைச்சே நான் கிழவனாயிருவேன்,” என்றான்.

“ஏன்டா அழுவுற? என் வாசல்ல நிப்பாட்டு,” என்றார் ரெங்கம்மா. “அந்தப் போஞ்சியை நான் கோவத்துல வச்சது. எனக்குப் போஞ்சியே பிடிக்காது. ஒரு வருசமா அதைத்தான் ஆக்கித் தின்னுக்கிட்டிருக்கேன். ஆனா மாசா மாசம் பதுளை ஆஸ்பத்திரிக்கு கிளினிக் போறப்ப என்னைக் கூட்டிட்டுப் போகணும். முன்னால பாட்டு போடக் கூடாது.”

அன்று சாயங்காலமே போஞ்சிப் பந்தல் இறங்கியது. த்ரீவீலர் மேலே ஏறி வந்தது.

மறுநாள் இருதயம்மா மஞ்சள் செடியை வேரோடும் மண்ணோடும் கிளப்பி ரெங்கம்மாவிடம் கொடுத்தார். தன் வரிசைக்கு விதை எடுக்கும்போது அது பக்கத்தில் நிற்கக் கூடாது. அது நின்ற இடம் காலியானது. வேறு நாற்று வைக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. கணவரைத் தெரியும் என்பதால், அந்தக் குழியில் ஒரு பெரிய கல்லை உருட்டி வைத்தார்.

பிலிப்புக்கு அது பெரிய சோதனை. வேலைக்குப் போகும்போது பாத்தியைப் பார்க்காமல் இருக்க லயத்தைப் பின்பக்கமாகச் சுற்றிப் போனார். வரும்போதும் அப்படியே. இஸ்தோப்பில் உட்கார்ந்தால் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். சாப்பிடும்போது ஒரு தடவை, “அந்தக் கல்லு கொஞ்சம் கோணலா இருக்கு,” என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள் காலையில் கல் புரட்டித் தள்ளப்பட்டிருந்தது. குழியில், மண் இறுக்கி, தண்ணீர் ஊற்றி, ஒரு தேயிலைக் கன்று நின்றது.

இருதயம்மா அதன் முன்னால் குந்தினார். பிடுங்கக் கையை வைத்தார். பஸீல் சொன்னதையெல்லாம் ஒரு தடவை மனதில் ஓட்டிப் பார்த்தார். தக்காளி தக்காளியோடுதான் கலக்கும். தேயிலையிலிருந்து வண்டு எதைக் கொண்டுவந்தாலும் பயமில்லை.

விட்டுவிட்டார். வேர் பிடிக்கட்டும் என்று அரைக் குடம் தண்ணீரும் ஊற்றினார்.